ஊர் அறிந்த அப்பாவும் வீடு அறிந்த அப்பாவும்

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா இறந்து ஓராண்டு நிறைவடையப் போகிறது. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹார்டுவேர் கடை நடத்தியவர். ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பெயின்ட் என்று வீடு கட்டுபவர்களுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். கிடைக்காததையும் எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுத்துவிடுவார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. முதலாண்டு நினைவு நாளையொட்டி வணிகர் சங்கத்தார் ஒரு சிறு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் குடும்பத்தின் சார்பாக நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் நன்றாக எழுதுவேன் என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். அதனால் வேறு யாரையும் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லையாம்.

எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அதற்கான காரணத்தை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் இறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டைக் கட்டி முடிக்கப் பணம் போதாமல் பாதியில் நின்றபோது கம்பியும் சிமென்ட்டும் கடனாகக் கொடுத்த அப்பா அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை என்று ஒரு கொத்தனார் சொல்லி அழுதார். கணவர் விபத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட காலத்தில் தன் மகளின் படிப்புக் கட்டணத்தைக் கட்டியவர் அப்பாதான் என்று, நான் முன்பின் பார்த்திராத ஓர் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கடன் கேட்கத் தயங்கி வாசலில் நின்ற தன்னை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தச்சு வேலை தொடங்க என்னென்ன கருவிகள் முதலில் வேண்டும், எவையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை ஓர் இளைஞர் சொன்னார். அந்தத் தாளை இன்னமும் பணப்பையில் மடித்து வைத்திருந்தார். பிரித்துக் காட்டியபோது எழுத்து அப்பாவுடையதுதான். பிறகு கடையின் இழுப்பறையில், பேரேட்டுக்குப் புறம்பான ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை அண்ணன் கண்டெடுத்தார். பெயர், பொருள், தொகை, தேதி. பல பெயர்களின் மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு. வரவு வைத்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை.

இவ்வளவு நல்லவரா என் அப்பா என்று நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமை. அந்த இளைஞரை உட்கார வைத்துப் பேசிய அரை மணி நேரம், என் வாழ்நாளில் எனக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்த நினைவில்லை. காலையில் நாங்கள் எழுந்து தயாராகும் முன்பே கடைக்குப் போய்விடுவார். இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்து, கதவுகளையும் சன்னல்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தாழிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். என் பட்டமளிப்பு விழாவன்று சரக்கு லாரி வந்துவிட்டதென்று அவர் வரவில்லை. நான் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது, வாடகை அறையைப் பார்க்கத் தன் கருவிப் பெட்டியோடு வந்தார். பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிய பூட்டைப் பொருத்தினார். கதவுச் சட்டத்தில் தாழ்ப்பாள் விழும் துளையை உளியால் சற்று அகலப்படுத்தினார். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பலமுறை சாத்திப் பார்த்தார். இரண்டு சாவிகளை என்னிடம் கொடுத்து, ஒன்றை அலுவலகத்தில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் கடை திறக்க வேண்டும் என்று கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போய்விட்டார். வேலை எப்படி இருக்கிறது, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்தித்தாளில் கொடுத்த இரங்கல் அறிவிப்பில் 'குடும்பமே உலகமென வாழ்ந்தவர்' என்று அண்ணன் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குள் 'பொய்' என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த கணமே என்னை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு முறை மனம் விட்டு இதை அண்ணனிடம் சொல்லப் போக, "ஊரே அப்பாவைக் கொண்டாடுகிறது, உனக்கு மட்டும் என்ன குறை வைத்தார்?" என்று கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இறுதிச் சடங்கில் நான் அழவில்லை. பல மாதங்கள் கழித்து, குழாய்க்கு ஒரு வாஷர் வாங்க நான் வேலை செய்யும் ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்தபோது, டர்பன்டைனும் சணல் கயிறும் இரும்புத் துருவும் கலந்த அந்த வாசனையில் நின்ற இடத்திலேயே தேம்பி அழுதேன். துயரத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, நீ இன்னும் மறுப்பு என்ற முதல் கட்டத்திலேயே இருக்கிறாய் என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா? ஓராண்டு ஆகியும் முதல் கட்டத்திலேயே நிற்பது நோயா?

இதற்கிடையில் அம்மா, கடையைப் பற்றி எதுவுமே தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், மதியம் தோறும் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காருகிறார். பழைய பணியாளர் ஒருவர் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் கடையை விற்றுவிட வேண்டும் என்கிறார். அந்தக் கடையை ஒரு நாளும் விரும்பாத எனக்கு, விற்கும் பேச்சைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது.

மலரில் நான் என்ன எழுதுவது? ஊர் சொல்வதையே நானும் சொன்னால் பொய்யாகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவருக்குத் துரோகமாகிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்ன ஐந்து கட்டங்களை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம், ஏனென்றால் தேவையில்லாத ஒரு சுமையாக அது உங்கள் தலைமேல் இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969 இல் முன்வைத்தார். அவர் அதைத் தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்துதான் உருவாக்கினார். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை ஆராய்ந்து கண்டதல்ல. பிறகுதான் அது இழப்புக்கு ஆளானவர்களுக்கும் பொருத்தப்பட்டு, ஒவ்வொருவரும் ஏறிக் கடக்க வேண்டிய படிக்கட்டுப் போலப் பரவிவிட்டது. துயரம் அப்படி வரிசையாக நடப்பதில்லை என்பதில் இன்று இத்துறையினர் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷுட்டும் 1999 இல் விவரித்த முறையே நான் ஆலோசனை அறையில் காண்பதோடு அதிகம் ஒத்துப்போகிறது: மனம் சில வேளை இழப்பின் பக்கம் திரும்புகிறது, சில வேளை அதை விட்டு விலகி அன்றாட வேலைகளைப் பார்க்கிறது, மறுபடியும் திரும்புகிறது, இந்த ஊசலாட்டமே துயரத்தின் இயல்பான போக்கு. சடங்கு நாளில் அழாமல், வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த நீங்கள், மாதங்கள் கழித்து ஒரு வாசனையில் உடைந்து அழுததில் விபரீதம் எதுவுமில்லை. உங்கள் அப்பாவை அவர் பேச்சைவிட அவர் சட்டையில் ஒட்டி வந்த அந்த வாசனை வழியாகத்தான் நீங்கள் அதிகம் அறிந்திருக்கிறீர்கள். அழுகையும் அந்த வழியாகவே வந்திருக்கிறது.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீடித்த துயரக் கோளாறு என்ற ஒன்றை மருத்துவ உலகம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், 2022 இல் நடைமுறைக்கு வந்த பதிப்பின்படி, இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதே ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, வயது வந்தோருக்கு 12 மாதங்கள். ஆனால் கால அளவு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. இறந்தவரைப் பற்றிய ஏக்கமோ நினைப்போ ஏறத்தாழ நாள்தோறும் ஆளை ஆட்கொண்டிருக்க வேண்டும். தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டதாகத் தோன்றுவது, மரணத்தை நம்பவே முடியாமல் இருப்பது, வாழ்க்கையே பொருளற்றுப் போனதாக உணர்வது போன்றவை அதோடு சேர்ந்து, வேலையையும் உறவுகளையும் முடக்கியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவை தென்படவில்லை. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், குழாய்க்கு வாஷர் வாங்குகிறீர்கள், அண்ணனோடு சண்டை போடுகிறீர்கள். நான் பார்க்காதது ஏதேனும் இருந்தால், தூக்கமே கெட்டுவிட்டதென்றோ வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதென்றோ இருந்தால், மலர் வேலை முடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

இனி, உங்களை உண்மையில் உறுத்துகிற விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் பொறாமைக்காகக் கூச்சப்பட வேண்டாம். சிறிய ஊரில் கடை நடத்துகிறவர் ஒரு வகையில் பொதுமனிதர். பகல் முழுவதும் பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும், முகம் கோணாமல் பதில் சொல்வதும், ஒரே பொருளைப் பத்துப் பேருக்குப் பத்து விதமாக விளக்குவதும் அவர் தொழிலின் பகுதி. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு, 1983 இல் இத்தகைய உழைப்புக்கு உணர்வுழைப்பு என்று பெயரிட்டார். முகத்தில் இன்முகத்தை வைத்திருப்பதே வேலையாகும்போது, அந்த வேலை முடிந்தபின் உள்ளே ஒருவித வெறுமை தேங்குகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. சம்பளத்துக்கு வேலை செய்தவர்களைப் பற்றியது அந்த ஆய்வு. என்றாலும், பல வணிகர் வீடுகளில் பிள்ளைகள் என்னிடம் சொன்னது இதுவேதான். கடையில் அத்தனை பேச்சுப் பேசுகிற மனிதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச்சையும் கழற்றி வைத்துவிடுகிறார். அவரிடம் இருந்த பொறுமையின் பெரும்பங்கை ஊர் வாங்கிக்கொண்டது. உங்களுக்கு மிஞ்சியது குறைவு. இது உண்மையான இழப்பு. அவர் உயிரோடு இருந்தபோதே நேர்ந்த இழப்பு. அதற்காக நீங்கள் அப்போது துக்கப்படவில்லை, இப்போது இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஆறுதல் உண்டு: 'எல்லாம் உங்களுக்காகத்தானே உழைத்தார்.' நான் அதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது பாதி உண்மைதான். நாற்பது ஆண்டுகள் ஒரு மனிதர் ஒரே இடத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருக்கு அந்தக் கடை பிடித்திருந்தது என்றும் பொருள். அங்கே அவர் திறமைசாலி. எந்தத் துளைக்கு எந்தத் திருகாணி என்பது தெரிந்தவர். தன்னை நாடி வந்தவருக்குத் தன்னால் தீர்வு சொல்ல முடிந்தவர். வளர்ந்துவரும் ஒரு மகளின் முன்னால் அவருக்கு அந்தத் தேர்ச்சி இருந்திராமல் போயிருக்கலாம். பட்டமளிப்பு நாளில் லாரி வந்தது உண்மை; சரக்கை இறக்கி வைக்க அந்தப் பணியாளரால் முடிந்திருக்கும் என்பதும் உண்மை. அந்த வருத்தத்தை நியாயப்படுத்திக் கரைத்துவிட நான் விரும்பவில்லை. அவரைப் புரிந்துகொள்வதற்காக, அவர் வராமல் இருந்ததைச் சரியென்று நீங்கள் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு நிற்காமல் கடந்துவிட்டீர்கள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் எழுத்தைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். சங்கத்தார் உங்களைத் தேடி வந்ததே அதனால்தான். கடையில் நடந்தவை வீட்டுக்கு வராதது போலவே, வீட்டைப் பற்றிய அவர் பெருமையும் உங்கள் காதுக்கு வராமல் கடையிலேயே பேசப்பட்டிருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் பிறரிடம் சொன்ன பாராட்டு, உங்களிடம் சொன்னதற்கு ஈடாகாது என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். என்றாலும், அந்த மனிதரைப் பற்றிய சித்திரம் இதனால் சற்று மாறுகிறது அல்லவா? இதுவரை உங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் அவர் தமக்குச் செய்ததைச் சொன்னார்கள். நீங்களாகப் போய் அவர்களிடம் வேறொன்றைக் கேளுங்கள்: வீட்டைப் பற்றி, அம்மாவைப் பற்றி, எங்களைப் பற்றி அப்பா என்ன பேசுவார்? அந்த இளைஞரிடமும் பழைய பணியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். பணியாளருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதை நீங்கள் எதிர்பார்க்க மாட்டீர்கள். ஒன்றுமே பேசியதில்லை என்று பதில் வந்தாலும் வரலாம். அதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.

கடனைத் தள்ளிவிட்டதை வீட்டில் சொல்லாததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று நானும் யோசித்தேன். அண்ணன் எதிர்ப்பார் என்ற பயமாக இருக்கலாம், அம்மா கவலைப்படுவார் என்பதாக இருக்கலாம். வேறொன்றும் தோன்றுகிறது. சிறிய ஊரில் கடன்பட்டவரின் பிள்ளைகள் உங்களோடு ஒரே வகுப்பில் படித்திருப்பார்கள். வீட்டில் உச்சரிக்கப்பட்ட ஒரு பெயர், பள்ளி மைதானத்தில் ஒரு சண்டையின்போது உங்கள் வாயிலிருந்தோ உங்கள் அண்ணன் வாயிலிருந்தோ வந்து விழுந்திருக்கலாம். அந்த மௌனத்தில் ஒரு பகுதி உங்களை ஒதுக்கியதாக இல்லாமல், இன்னொரு குழந்தையின் மானத்தைக் காத்ததாக இருந்திருக்கக்கூடும். இது என் ஊகம்தான். ஆனால் இதிலிருந்து நடைமுறையில் ஒரு முடிவு வருகிறது: அந்த நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஒரு பெயரும் மலரில் வரக்கூடாது. சங்கத்தார் ஆர்வத்தில் கேட்பார்கள். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம் என்றுகூடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். கொத்தனாரும் அந்த அம்மையாரும்கூட உங்கள் வீட்டுக்குள் சொன்னதைத்தான் சொன்னார்கள், அச்சில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களிடம் தனியாகக் கேட்டு, விருப்பமென்றால் மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கோபம் துரோகமா என்பதற்கு, துயரத்தைப் பற்றிய கருத்து எப்படி மாறி வந்தது என்பதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன். இறந்தவர் மீதிருந்த பிணைப்பை மனம் சிறிது சிறிதாக அறுத்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்ற கருத்து, சிக்மண்ட் ஃபிராய்ட் 1917 இல் எழுதியதிலிருந்து நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தியது. அவருடைய மகள் சோஃபி 1920 இல் இன்ஃபுளுயென்சாவில் இறந்துபோனார். 1929 இல், மகனை இழந்திருந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும் என்றும், அப்படி இருப்பதே சரி என்றும் ஃபிராய்டே எழுதினார். தன் கோட்பாட்டைத் தன் துயரமே திருத்தியதாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன். 1996 இல் டென்னிஸ் கிளாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், பிணைப்பு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்ற கருத்தை வலுவாக முன்வைத்தார்கள். இன்று பல ஆலோசகர்கள் அந்த வழியில்தான் செயல்படுகிறோம். உறவு தொடர்கிறது என்றால் அதில் இருந்த மனத்தாங்கலும் தொடரத்தானே செய்யும்? அப்பாவோடு கோபித்துக்கொள்கிற மகள் அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றே நான் கொள்வேன்.

உங்கள் அண்ணனின் அறிவிப்பையும் சற்றுத் தாராளமாகப் பாருங்கள். சிகாகோவில் கணவரை இழந்த பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெலனா லோபாட்டா, இறந்த கணவரைக் குறையேதுமற்றவராக உயர்த்தி வைக்கும் போக்கு அவர்களிடம் இருப்பதை 1981 இல் எழுதினார். பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அப்படி உயர்த்துவது சிலருக்குத் துயரத்தைத் தாங்க உதவுகிறது. அதே வீட்டில் வேறு விதமாக நினைவு வைத்திருப்பவரை அது வாயடைக்கவும் செய்கிறது. உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். அண்ணனுக்கு வேறு அப்பா கிடைத்திருக்கவும் கூடும். கடையில் எடுபிடி வேலை செய்ய விடுமுறை நாள்களில் அவரைத்தானே அழைத்துப் போயிருப்பார்? மகளை அழைத்துப் போகத் தோன்றாத காலமாக இருந்திருக்கும். அண்ணனோடு அறிவிப்பு வாசகத்தைப் பற்றி வாதாடாமல், கடையில் அப்பாவோடு இருந்த ஒரு நாளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மலர். அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு எழுத வேண்டிய பொறுப்பை நீங்களே ஏற்றிக்கொண்டதால்தான் முதல் வரி வர மறுக்கிறது. உங்களைக் கேட்டது சாட்சியம். கடைத் திண்ணையில் நின்றவர்கள் பகல் மனிதரைப் பற்றி எழுதுவார்கள். இரவு பத்து மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட மனிதரை வேறு எவராலும் எழுத முடியாது. 'பாசமிக்கவர்', 'தியாகி' போன்ற அடைமொழிகளை ஒன்றுகூடப் பயன்படுத்துவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்த கையை எழுதுங்கள். வாடகை அறையில் நடந்ததை எனக்கு எழுதிய அதே வாக்கியங்களில் எழுதலாம். உளியால் துளையை அகலப்படுத்தியது வரை கவனித்திருக்கிறீர்கள், அதை மறக்காமலும் வைத்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அந்தப் பத்தியை முடித்தீர்களே, அந்த வரியையும் விட வேண்டியதில்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை; ஆனால் அந்தக் கேள்வியோடுதான் அவர் பேருந்து ஏறி வந்திருக்கிறார் என்பது, படிக்கிற எவருக்கும் நீங்கள் விளக்காமலே தெரியும். குடும்பமே உலகமென வாழ்ந்தவரா என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம்.

பட்டமளிப்பு நாளைப் பற்றி மலரில் எழுத வேண்டுமா? வேண்டாம் என்பேன், இந்த முறை. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. அவருக்கும் உங்களுக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டியவை சில உண்டு, அவற்றைச் சங்கத்தார் முன்னிலையில் பேச வேண்டியதில்லை. அதை ஒரு தனிக் கடிதமாக அப்பாவுக்கே எழுதுங்கள். 1986 இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை உலுக்கிய நிகழ்வைப் பற்றி எழுதச் செய்து நல்ல விளைவுகளைக் கண்டார். அதன்பின் எழுதினால் எல்லாம் ஆறிவிடும் என்ற பேச்சு பரவியது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பின்னர் செய்த ஆய்வுகளில் அப்படியொரு பெரிய பலன் தெரியவில்லை. எனவே இதை நான் மருந்தாகச் சொல்லவில்லை. மலருக்கான எழுத்துக்குள் இந்தக் கோபம் ஒளிந்து நுழைந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தாமல் இருக்க, அதற்கென்று தனியாக ஓர் இடம் கொடுக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். கல்லாவில் உட்காருவதை யாரும் தடுக்காதீர்கள். பாவம், அவருக்கு எதுவும் தெரியாதே என்று இரக்கமும் காட்டாதீர்கள். துக்கத்தைச் சிலர் பேசித் தீர்ப்பார்கள், சிலர் ஏதாவது வேலை செய்து தீர்ப்பார்கள். திருமணமான நாளிலிருந்து அவர் கணவரை நாள்தோறும் வாங்கிக்கொண்ட இடம் அது. அங்கே என்னதான் இருந்தது என்று பார்க்கப் போகிறாரோ என்னவோ. உங்களுக்கு இருக்கும் அதே கேள்வி அவருக்கும் இருக்கக்கூடும் என்பது உங்களுக்குத் தோன்றியதா? நீங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு மதியம் அவரோடு கடையில் உட்காருங்கள். பொருள்களின் பெயர்களை அந்தப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மா பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடையை விற்பதைப் பொறுத்தவரை, அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கலாம். நடத்த ஆளில்லாத கடை சரக்கை முடக்கி வைக்கும், அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் மொத்த வியாபாரிகளுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியோ வங்கிக் கடனோ நெருக்கவில்லை என்றால், முதலாண்டு முடியும் முன் இப்படிப்பட்ட முடிவை எடுக்க வேண்டாம் என்பதே என் பொதுவான ஆலோசனை. முதலில் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்: கையிருப்புச் சரக்கின் மதிப்பு என்ன, வர வேண்டியது எவ்வளவு, தர வேண்டியது எவ்வளவு, பணியாளருக்கு என்ன ஏற்பாடு. கோடு போட்ட பெயர்களை வர வேண்டிய பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதை நீங்கள் மூவரும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு அண்ணனும் நீங்களும் அம்மா எதிரில் உட்காருங்கள்; விற்பதா வேண்டாமா என்று முதலில் அவர் சொல்லட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்